காட்டெருமையும் வீட்டுப் பசுவும்

ஒரு விலங்கை வேற்றின விலங்கோடு இணைய விடலாகாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் இஸ்ராயேல் மக்களுக்குக் கட்டளையிடுகின்றது. ஆயினும் சாலமோன் அரசராக அபிஷேகம் பெறச் சென்றபோது, தம் தந்தை தாவீதின் கோவேறு கழுதைமீதே ஏறிச் சென்றார் என்று அதே விவிலியம் உரைக்கின்றது. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கலப்பினமே கோவேறு கழுதை. பாரம் சுமப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் மிக அரிதாக அன்றி அதற்குச் சந்ததி இல்லை. குதிரைக்குக் குரோமோசோம்கள் 64, கழுதைக்கு 62, இவற்றின் கன்றுக்கோ 63. அவை முறையாக இணைசேர இயலாமையால் விந்தணுவும் கருமுட்டையும் செவ்வனே உருவாவதில்லை.

கோவேறு கழுதையை ஒரு தலைமுறை உழைப்பிற்கென மனிதர் ஏற்றுக்கொண்டனர். கலப்பினத்தை நிலையானதோர் இனமாகவே ஆக்க முயன்றபோது நேர்ந்தது என்ன? வட அமெரிக்கக் காட்டெருமையின் வரலாறு இதற்கு விடை கூறும். பெயர் எருமையாயினும், நம் நாட்டு எருமையைவிடப் பசுவினத்திற்கே அது நெருங்கிய உறவுடையது.

ஒரு காலத்தில் அந்நாட்டுப் புல்வெளிகளில் கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள், கண்மூடித்தனமான வேட்டையால் 1889ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஆயிரமாகக் குறைந்துபோயின. அவ்வாறு வேட்டையாடியவர்களுள் ஒருவர் கான்சாஸ் மாநிலத்துச் சார்லஸ் ஜோன்ஸ். 1886 ஜனவரியில் வீசிய கடும் பனிப்புயலில் மாட்டு மந்தைகள் மாண்டு கிடக்க, காட்டெருமைகள் உயிரோடிருக்கக் கண்டார் அவர். உடனே மனம் மாறினார். காட்டெருமைக் கன்றுகளைப் பிடித்து வளர்த்தார், மாடுகளோடு இணைத்தார். பிறந்த கலப்பினத்திற்குக் 'கேட்டலோ' எனப் பெயரிட்டார். குளிருக்கு அஞ்சாத உடலும், பசுவின் சாந்த குணமும், நல்ல இறைச்சியும் ஒரே விலங்கில் அமையும் என்பது அவர் கண்ட கனவு.

கனவு எளிதில் நனவாகவில்லை. ஆண் காட்டெருமையால் கருவுற்ற பசுக்கள் பலவற்றில் பனிக்குட நீர் அளவு கடந்து பெருகி, தாயும் கன்றும் மடிந்தன. உயிர் பிழைத்துப் பிறந்த கலப்பினக் காளைகளோ மலடாயிருந்தன. கிடேரிகள் மட்டுமே ஈன்றன. அவற்றை மீண்டும் மாட்டோடோ காட்டெருமையோடோ இணைக்க வேண்டியிருந்தமையால், தலைமுறைதோறும் ஒரு பக்கத்து இரத்தம் குறைந்துகொண்டே வந்தது. கனடா நாட்டு அரசும் ஆல்பெர்ட்டா மாகாணத்து வெயின்ரைட்டில் 1916ஆம் ஆண்டு இம்முயற்சியைத் தொடங்கி, 1964இல் கைவிட்டது.

மாட்டிற்கும் காட்டெருமைக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே, இரண்டிற்கும் 60. அவ்வாறாயின் காளைகள் மட்டும் மலடாவானேன்? பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமான அறிஞர் ஹால்டேன், 1922இல் ஒரு நியதியை எடுத்துரைத்தார். கலப்பினத்தில் ஒரு பால் மட்டும் அருகியோ மலடாகவோ காணப்பட்டால், அது ஒன்றோடொன்று ஒவ்வாத இரு பால் குரோமோசோம்களை உடைய பாலாகவே இருக்கும் என்பதே அது. பாலூட்டிகளில் ஆணே அத்தகையது.

முடிவு யாது? 1970களில் 'பீஃபலோ' என்றோர் இனம் புகழ்பெற்றது. அதில் எட்டில் மூன்று பங்கு காட்டெருமை இரத்தம் என்றனர். அவ்வினத்தின் 47 விலங்குகளின் மரபணுக்களை ஆராய்ந்ததில், 39 விலங்குகளில் காட்டெருமையின் சுவடே காணப்படவில்லை என 2024இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. மறுபுறம், ஆராயப்பட்ட காட்டெருமை மந்தைகள் யாவற்றிலும் மாட்டின் மரபணு சிறிதேனும் கலந்திருப்பதை 2022இல் வெளியான ஆய்வு கண்டது. மாட்டிற்குள் விரும்பிப் புகுத்தியது நிலைக்கவில்லை. காட்டெருமைக்குள் விரும்பாமல் புகுந்தது நீங்கவில்லை.

இதனால் ஜோன்ஸ் போன்றோரைப் பழிப்பது முறையன்று. இன்று வாழும் காட்டெருமைகளின் முன்னோர் பல, இத்தகைய பண்ணையாளர் காத்த சிறு மந்தைகளிலிருந்து வந்தவையே. 1902இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் காட்டெருமைகளைப் பேணும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் உருவாக்க நினைத்த இனம் நிலைபெறவில்லை. அதற்கென அவர் காத்த உயிர்களோ பெருகின.

அன்பர்களே, கலப்பதற்கு ஒரு தலைமுறை போதும். கலந்ததைப் பிரித்தெடுக்கப் பல தலைமுறைகளும் போதா. படைப்பின் காவலராக நியமிக்கப்பட்ட நாம் அதனை ஆளும்போது, பின்வரும் தலைமுறையையும் எண்ணிப் பார்த்தே கைவைப்போமாக.