அலை தாண்டும், உரிமம் தாண்டாது

போடிமெட்டில் நின்றால் போடிநாயக்கனூர் காலடியில் விரிந்து கிடக்கும். கண்ணுக்கு மறைவில்லாமல் தெரியும் ஊருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் போகும் என்பது கம்பியில்லா இணையத் தொழிலின் பாலபாடம். உரிமம்தான் போகாது.

கேபிள் இழுத்துக் கட்டுப்படியாகாத இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு, கூரை மேல் சிறு டிஷ் வைத்து இணையம் தருகிறவர்களின் தலைவலி இது. 2013-இல் வந்த ஒருங்கிணைந்த உரிமத்தில் 'ஏ' பிரிவு நாடு முழுவதற்கும், 'பி' ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், 'சி' அதைவிடச் சிறிய பகுதிக்கும் என்று வகுத்தார்கள். கையில் காசு குறைந்தவருக்கு எட்டுவது 'சி'. கேரளப் பக்கம் அதை வாங்கியவர் தேனிப் பக்கம் ஒரு வீட்டுக்கும் இணைப்பு தர முடியாது. பாலக்காட்டுப் பரம்பிக்குளம் இன்னும் விசித்திரம்: ஊர் கேரளத்தில், சாலை தமிழகத்துச் சேத்துமடை வழியாக. பழுது பார்க்கவே மாநிலம் தாண்ட வேண்டும்.

அலைவரிசை என்னவோ இலவசம். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டார்கள். யாரும் பயன்படுத்தலாம் என்பதால் பக்கத்துக் கம்பத்தின் குறுக்கீட்டைப் பற்றி யாரிடமும் முறையிட முடியாது. வாடிக்கையாளர் திட்டுவது மூடுபனியை. அலையைத் தின்பதோ இலை. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் வளர்ந்து மறைத்தால் கம்பத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் மின்னலுக்கு இலக்கு. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின் இந்தச் செலவைக் கட்டணத்தில் ஏற்றவும் துணிவதில்லை.

எல்லையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை 'சி' உரிமம் செல்லும் என்று ஒரு வரி சேர்க்க டெல்லிக்கு எத்தனை நாளாகும்?