எண்ணில்லாத துவக்கு

கந்தப்பளையில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோரைக் கேளுங்கள். காட்டுப்பன்றியின் தொல்லையைக் கதைகதையாய்ச் சொல்வர். ஆனால் அதற்காகச் சிலர் காட்டோரப் பாதையில் கட்டுத்துவக்குக் கட்டிவைப்பது எவ்வகையில் நியாயம்? ஓர் இரும்புக்குழாய், வெடிமருந்து, குறுக்கே ஒரு கம்பி. கால் பட்டதும் வெடிக்கும். வருவது பன்றியா, விறகு பொறுக்கும் தாயா என்று அது பார்ப்பதில்லை.

அனுமதி பெற்ற துவக்குக்கு எண் உண்டு. எண்ணைக்கொண்டு உரியவரை அறியலாம். இதற்கு எண்ணுமில்லை, ஏட்டில் பெயருமில்லை. சுடுகலன் சட்டம் 1916 முதலே இருக்கிறது. 2005 ஜூலை 9இல் ஏறத்தாழ 35,000 துவக்குகள் கொழும்பிலே பகிரங்கமாக அழிக்கப்பட்டன. புதருக்குள் இருப்பதை யார் அழிப்பது?

கட்டியவர் யாரென்று லயத்தில் சிலருக்கேனும் தெரிந்திருக்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவரிடம் இதனைக் கேளுங்கள். பயிர்ச்சேதத்திற்கு நட்டஈட்டையும் சேர்த்தே கேளுங்கள்.