காத்திருக்கும் ஒயினும் காக்காத சட்டமும்

பழைய ஒயின் என்றாலே உயர்ந்த ஒயின் என்று ஒரு நினைப்பு நம்மவர்களிடம் இருக்கிறது. பழைய அரிசி, பழைய புளி, பழைய வெல்லம் என்று பழகிய நமக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. உண்மை வேறு. உலகில் விற்பனையாகும் திராட்சை மதுவில் மிகப் பெரும்பகுதி இரண்டொரு ஆண்டுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது. அதற்கு மேல் வைத்தால் சுவை செத்துப் போகும், புளித்துப் போகும், கடைசியில் கொட்டத்தான் வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டு தாங்கி நிற்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்று இத்தாலி நாட்டின் புரூனெல்லோ.

குடிப்பழக்கத்துக்குப் பரிந்து எழுதும் கட்டுரை அல்ல இது. புரூனெல்லோவின் ஒரு புட்டி பல ஆயிரம் ரூபாய். இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கும் நம்மில் எவரும் அதை வாங்கப் போவதில்லை. இதை எழுதுபவனும் அதைச் சுவைத்தவன் அல்ல. ஆனாலும் அந்தப் புட்டியைச் சுற்றி இத்தாலியர்கள் கட்டியிருக்கும் சட்டமும், அதே சட்டம் ஒரு சமயம் யாரைக் கைவிட்டது என்பதும் கூலிக்கு உழைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், சியென்னா நகருக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் அமைந்த சிற்றூர் மோன்டல்சினோ. அங்கு விளையும் சாஞ்சோவேசே என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து மட்டுமே புரூனெல்லோ செய்யலாம். வேறு திராட்சை ஒரு துளியும் கலக்கக் கூடாது. இந்தத் திராட்சையில் புளிப்பும் அதிகம், துவர்ப்பும் அதிகம். புது ஒயினை வாயில் விட்டால் பச்சை வாழைக்காயைக் கடித்தது போல நாக்கு இழுக்கும். டானின் என்னும் துவர்ப்புப் பொருளின் வேலை அது. அந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான் பிற்காலத்தில் மதுவைக் கெடாமல் காக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல டானின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து வண்டலாக அடியில் படிகின்றன. துவர்ப்பு அடங்குகிறது. மாணிக்கச் சிவப்பாக இருந்த நிறம் மங்கி, செங்கல் நிறமாகிறது. இளமையில் இருந்த பழ வாசனை போய், உலர்ந்த பழம், பதனிட்ட தோல், புகையிலை, காய்ந்த இலை ஆகியவற்றின் வாசனை வருகிறது.

இதற்கெல்லாம் புட்டி தூங்க வேண்டும். தூங்குவதற்கும் முறை உண்டு. 12 முதல் 14 டிகிரி வரை மாறாத குளிர்ச்சி வேண்டும். வெளிச்சம் படக் கூடாது. அதிர்வு கூடாது. தக்கை உலர்ந்து சுருங்கிவிட்டால் காற்று உள்ளே புகுந்து மதுவைக் காடியாக்கிவிடும் என்பதால் புட்டியைப் படுக்க வைக்க வேண்டும். அறையிலும் 70 சதவிகிதம் அளவுக்கு ஈரப்பதம் வேண்டும். இத்தாலியின் பழைய வீடுகளில் தரைக்குக் கீழே கல் நிலவறைகள் இருப்பதால் இது இயற்கையாகவே நடக்கிறது. நம் ஊரில் பம்பாயிலோ சென்னையிலோ ஒருவர் பணம் கொட்டி ஒரு புட்டி வாங்கிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்து, பத்தாண்டு கழித்துத் திறந்தால் கிடைப்பது ஏமாற்றம்தான். 35 டிகிரி வெயிலில் மது முதிர்வதில்லை, வெந்துவிடும்.

புரூனெல்லோவுக்கு அந்தப் பெயரை நிலைநாட்டியது பியோன்டி சான்டி என்ற குடும்பம். கரிபால்டியின் படையில் போரிட்டுத் திரும்பிய ஃபெரூச்சோ பியோன்டி சான்டி, தம் குடும்பத்துக்குச் சொந்தமான கிரெப்போ தோட்டத்தில் நல்ல சாஞ்சோவேசே கொடிகளைத் தேர்ந்து வளர்த்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் உடனே குடிக்கும் மெல்லிய ஒயின் செய்துகொண்டிருந்த காலம் அது. இவரோ ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தார். 1888ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து புரூனெல்லோ என்ற பெயரில் இவர் அடைத்த மதுவே இந்த வரிசையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

அவர் மகன் டான்கிரெடி செய்த வேலைதான் என்னைக் கவர்ந்தது. புட்டியில் மது பல பத்தாண்டு கிடக்கும்போது தக்கை வழியே கொஞ்சம் கொஞ்சமாக அளவு குறையும். குறைந்த இடத்தில் காற்று நிரம்பும். அந்தக் காற்றே பிறகு எமன். இதற்கு டான்கிரெடி ஒரு வழி செய்தார். பழைய புட்டிகளைத் திறப்பது, ஒவ்வொன்றையும் சுவைத்துக் கெட்டதை ஒதுக்குவது, நன்றாக இருப்பவற்றை அதே ஆண்டின் மதுவால் நிரப்பி, புதுத் தக்கை அடைப்பது. இதில் கவனிக்க வேண்டியது "அதே ஆண்டின்" என்பது. 1891ஆம் ஆண்டுப் புட்டியில் ஒரு விரல்கடை குறைந்தால் 1892ஐ ஊற்றக் கூடாது. வேறொரு 1891 புட்டியைப் பலி கொடுத்துத்தான் மற்றவற்றை நிரப்ப வேண்டும். 1927லும் 1970லும் கிரெப்போவில் இப்படி நிரப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் படைகள் அந்தப் பக்கம் வந்தபோது, பழைய புட்டிகளை வைத்து முன்னால் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார் டான்கிரெடி. வீட்டு நகையைப் புதைப்பார்கள், கேட்டிருக்கிறோம்.

1994இல் டான்கிரெடியின் மகன் ஃபிராங்கோ, 1888 முதல் 1988 வரை நூறு ஆண்டுகளில் தேர்ந்தெடுத்த மதுவகைகளை ஒயின் எழுத்தாளர்கள் சிலருக்குச் சுவைக்கக் கொடுத்தார். நூறு வயது கடந்த 1891 அப்போதும் உயிரோடு இருந்தது. அதற்கு மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள்.

சுவைப்பது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓரிரு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்க விடுகிறார்கள். தக்கையை ஆட்டாமல் அசைக்காமல் எடுத்து, புட்டியின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி வெளிச்சம் வைத்து, ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் மெதுவாக ஊற்றுகிறார்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சாய்த்து, விளிம்பின் நிறம் பார்த்து வயதைக் கணக்கிடுகிறார்கள். முகர்கிறார்கள். ஈர அட்டை போல வாடை வந்தால் தக்கையில் பூஞ்சைக் கோளாறு என்று பொருள். எவ்வளவு விலை ஆனாலும் அந்தப் புட்டி தொலைந்தது. அதன் பிறகே ஒரு வாய். தொழில்முறையில் சுவைப்பவர்கள் அதையும் விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறார்கள்!

இவர்கள் எழுதும் வர்ணனைகள் சில நேரம் சிரிப்பை மூட்டும். மழை பெய்த காட்டுத் தரை என்பார்கள், பழைய சேணம் என்பார்கள். ஆனால் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஊரில் நெல் வியாபாரி ஒரு பிடி நெல்லை முகர்ந்து எத்தனை மாதத்து நெல் என்று சொல்வதையும், நாலு வகைக் காப்பிக் கொட்டையை வாசனையால் பிரிப்பவரையும் நாம் மதிக்கிறோமே. நாக்கும் மூக்கும் படித்துத் தேறும் உறுப்புகள்தாம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க யாரால் முடிந்தது? மோன்டல்சினோவில் நிலத்தை உழுதவர்கள் வாரக் குடியானவர்கள். விளைச்சலில் பாதி நிலச்சுவான்தாருக்கு, பாதி குடியானவருக்கு. நம் தஞ்சை வாரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதிப் பங்கில் குடும்பம் நடத்துபவன் நாலு ஆண்டு பீப்பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? அறுத்த ஆண்டே விற்றாக வேண்டும். 1964இல் இத்தாலி புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான டஸ்கனி குடியானவர்கள் நிலத்தை விட்டு ஆலை நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வேற்றூர் வந்த நமக்கு அந்தக் கதை தெரியும். அன்று அந்த வட்டாரத்தின் ஏழை ஊர்களில் ஒன்று மோன்டல்சினோ. 1960களில் புரூனெல்லோவுக்கான தோட்டம் ஏறக்குறைய 60 ஹெக்டேர். இன்று 2,000 ஹெக்டேருக்கு மேல்.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சட்டம் என்பது என் கருத்து. சுவை 1888லேயே இருந்தது. 1966இல் புரூனெல்லோவின் எல்லையும் முறையும் அரசால் வரையறுக்கப்பட்டன. 1980இல் அரசு உத்தரவாதம் பெற்ற உயர்ந்த வகை என்ற நிலை கிடைத்தது. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரி வரை விற்கக் கூடாது, இரண்டு ஆண்டாவது ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. சிறப்பு வகைக்கு மேலும் ஓர் ஆண்டு. ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் எண்ணிட்ட அரசுச் சீட்டு; அதைக் கிழிக்காமல் திறக்க முடியாது. சீல் வைத்த வேகனைக் கையாள்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். சீல் உடையாமல் வந்து சேர்ந்தால் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

2008இல் இந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்தது. சிலர் வேறு திராட்சையைக் கலக்கிறார்கள் என்று சியென்னா அரசு வழக்கறிஞர்கள் விசாரணை தொடங்கினர். ஏராளமான மது முடக்கி வைக்கப்பட்டது. அமெரிக்கா சான்றிதழ் கேட்டது. விதியைத் தளர்த்திவிடலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் உற்பத்தியாளர்கள் மிகப் பெரும்பான்மையாகப் பழைய விதியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். 2012 டிசம்பரில் இன்னொரு அதிர்ச்சி. ஜான்ஃபிராங்கோ சொல்தேரா என்பவரின் நிலவறைக்குள் அவரிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர் இரவில் புகுந்து பீப்பாய்க் குழாய்களைத் திறந்துவிட்டார். 62,000 லிட்டருக்கும் மேல் தரையில் ஓடிற்று. ஆறு ஆண்டு அறுவடை! மற்ற உற்பத்தியாளர்கள் தங்கள் மதுவில் கொஞ்சம் தருகிறோம் என்று முன்வந்தபோது சொல்தேரா மறுத்துவிட்டார். என் பெயரில் பிறர் மதுவை விற்பது வாங்குபவனை ஏமாற்றுவது என்பது அவர் வாதம். கோபக்காரர் என்று பெயரெடுத்தவர்தான். இந்த விஷயத்தில் அவர் பக்கமே நியாயம்.

இவ்வளவு கண்டிப்பான நாட்டில் 1986இல் என்ன நடந்தது என்று பார்ப்போம். அந்த ஆண்டு மார்ச் மாதம் வட இத்தாலியில் மலிவு விலை ஒயின் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். மதுவின் போதையளவைக் கூட்டிக் காட்ட மெத்தனாலைக் கலந்திருந்தார்கள் வியாபாரிகள். 20 பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் பார்வை இழந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1984இல், மெத்தனால் மீதான வரியை அரசு நீக்கியிருந்தது. விலை குறைந்தது, கலப்படம் லாபமாயிற்று.

தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். 1980இல் பணக்காரர் வாங்கும் புட்டிக்கு எண்ணிட்ட சீட்டு. 1986இல் தொழிலாளி வாங்கும் புட்டிக்குள் விஷம். கலப்படத் தடுப்புக்கென்று தனி மத்திய ஆய்வு அமைப்பை இத்தாலி ஏற்படுத்தியதே அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். அந்தச் சீட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசை தலைகீழாகப் போயிற்று என்கிறேன்.

நிபுணரின் நாக்கு இங்கே உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூறு வயது மதுவில் தோலையும் புகையிலையையும் பிரித்தறியும் அதே நாக்கு, மெத்தனாலைக் கண்டுகொள்ளாது. அதன் வாசனையும் சுவையும் சாதாரணச் சாராயத்தைப் போலவே இருக்கும். சோதனைக்கூடம் ஒன்றே அதைக் காட்டும். ஆகவே "பார்த்துக் குடித்திருக்க வேண்டும்" என்று மாண்டவனைக் குற்றம் சொல்வதில் பொருளே இல்லை.

நமக்கு இது அந்நியக் கதை அல்ல. பெங்களூரில் 1981இல் கள்ளச் சாராயம் குடித்து 300 பேருக்கு மேல் மாண்டார்கள். மும்பை மால்வணியில் 2015இல் 100 பேருக்கு மேல். கள்ளக்குறிச்சியில் 2024இல் 60 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் விசாரணை, நிவாரணத் தொகை, சில இடமாற்றங்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள்.

மெத்தனால் வானத்திலிருந்து விழுவதில்லை. ஆலைகளுக்குப் பீப்பாயிலும் டாங்கர் லாரியிலும் வருகிறது. எங்கோ வழியில் கசிகிறது. ஒரு பார்சல் பெட்டிக்கு ஏற்றுமிடம், இறக்குமிடம், எடை, கையெழுத்து என்று நாலு பதிவு போடுகிறோம். மெத்தனால் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் உடைக்காமல் திறக்க முடியாத எண்ணிட்ட சீலும், ஏற்றிய அளவும் இறங்கிய அளவும் அன்றன்றே ஒப்பிடும் கணக்கும், ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஒரே நாளில் முடிவு சொல்லும் சோதனைக்கூடமும் இருந்தால் போதும். ஐந்தாண்டு கழித்து விற்கப்போகும் ஒரு புட்டிக்காக இத்தாலிக்காரர்கள் செய்யும் வேலையில் பாதிகூட இல்லை இது.