அகமதாபாத்தின் போள்கள்

அகமதாபாத் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லி அனுப்பும் இடங்கள் சபர்மதி ஆசிரமமும் அடாலஜ் படிக்கிணறும். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்தியாவிலேயே முதலாவதாக, 2017இல் உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ அறிவித்தது, 1411இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய மதில் நகரத்தை. அதைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அந்த நகரத்தின் உயிர் 'போள்' எனப்படும் தெருக்களில் இருக்கிறது. சாதியாலோ தொழிலாலோ சேர்ந்த குடும்பங்கள் ஒரே வாசலுக்குள் வாழ்ந்த தெரு அது. முன்பெல்லாம் இரவானால் அந்த வாசலைச் சாத்திவிடுவார்கள். முட்டுச்சந்து என்று நினைக்கும் இடத்தில் அடுத்த போளுக்கு ஒரு ரகசிய வழி திறக்கும். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நம் திண்ணையைப் போல ஓட்லோ. அதில் உட்கார்ந்து பெண்கள் காய் நறுக்குகிறார்கள். பல வீடுகளில் முற்றத்துக்கு அடியில் டாங்கா என்ற நிலத்தடித் தொட்டி உண்டு. கூரையில் விழும் மழை அதில் இறங்கி, வருஷம் முழுக்கக் குடிநீரானது. தெரு முனையில் தூண் மேல் நிற்கும் சபூத்ரோவில் பறவைகளுக்குத் தானியம் வைக்கிறார்கள். மரங்களை வெட்டி வீடு கட்டியவர்கள் பறவைகளுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள்; அந்த மனசு என்னை நெகிழ வைத்தது.

இந்தத் தெருக்களைக் காட்ட மாநகராட்சி 1997இல் தொடங்கிய பாரம்பரிய நடை, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் புறப்பட்டு ஜாமா மசூதியில் முடியும். 1424இல் கட்டிய அந்த மசூதியின் தூண்காட்டுக்குள் நின்றால் கோயில் மண்டபத்து வேலைப்பாடு தெரியும். உள்ளூர்ச் சிற்பிகளின் கை அது. அருகிலேயே மாணேக் சவுக்: பகலில் நகைக்கடை, இரவில் சாப்பாட்டுக் கடை.

வருத்தம் ஒன்றுதான். சபர்மதி ஆற்றுக்கு அக்கரையில் கார் நிறுத்த வசதியுள்ள அடுக்ககங்களுக்குப் பலர் போய்விட்டார்கள். பூட்டிய வீடுகளின் செதுக்குமரத் தூண்களும் கதவுகளும் பெயர்க்கப்பட்டுப் பழம்பொருள் வியாபாரிகளிடம் போகின்றன. யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததால் மட்டும் வீடு நிற்காது. குடியிருக்க ஆள் வேண்டும், கூரையைச் செப்பனிடப் பணம் வேண்டும்.

'ஹவேலி' எனப்படும் பழைய பெரிய வீடுகள் சிலவற்றைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். அகமதாபாத் போனால் ஓர் இரவாவது அப்படியொரு வீட்டில் தங்குங்கள். நீங்கள் தரும் வாடகை அந்தக் கூரைக்குப் போகும்.