குறட்டையைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்

வீட்டில் யாராவது பலமாகக் குறட்டை விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். கைப்பேசியில் பதிவு செய்து குடும்பத்தாருக்கு அனுப்பிக் கேலி செய்வோரும் உண்டு. அடுத்த முறை சிரிக்கும் முன் சற்றுக் கவனியுங்கள். குறட்டை திடீரென நின்று, 10 விநாடிக்கும் மேல் மூச்சில்லாமல், பிறகு திணறலோடு தொடங்குகிறதா? அது ‘ஸ்லீப் ஆப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும். காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அவரை ஒரு கணம் விழிக்க வைக்கும். நோய் கடுமையானால் மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேலும் இப்படி நடக்கும். காலையில் எதுவும் நினைவிருக்காது, சோர்வுதான் மிஞ்சும். நாளடைவில் இரத்த அழுத்தம் உயரும், இதயம் பாதிக்கப்படும். வாகனம் ஓட்டும்போது கண்ணயர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

முன்பு கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவார்கள். 1980இல் சிட்னியில் நுரையீரல் மருத்துவர் காலின் சல்லிவன் வேறு வழி கண்டார். அறுவை சிகிச்சையை விரும்பாத ஒரு நோயாளியின் மூக்கில் முகமூடி பொருத்தி, தூசு உறிஞ்சியின் மோட்டாரைக் கொண்டு காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். காற்றே தூணாக நின்று தொண்டையைத் திறந்து வைத்தது. நோயாளி அன்றிரவு நிம்மதியாக உறங்கினார். மறு ஆண்டு, ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை ‘லான்செட்’ இதழில் சல்லிவன் குழுவினர் வெளியிட்டனர். அதுவே இன்றைய ‘சிபேப்’ கருவி.

சிகிச்சை வந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்கிறார்கள். ஏன்? நோய் வருவது இரவில். மருத்துவர் பார்ப்பது பகலில். “எப்படித் தூங்குகிறீர்கள்?” என்று அவர் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். அப்படிக் கேட்கக் கற்றுத் தருகிறோமா? 2011இல் வெளியான, 12 நாடுகளின் மருத்துவப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வில், முழுப் படிப்பிலும் உறக்கத்திற்குச் சராசரியாகக் கிடைத்தது சுமார் இரண்டரை மணி நேரமே! வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கும் மனிதனுக்கு இது போதுமா?

மருத்துவ மாணவர்களுக்குப் பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் தனிப் பாடம் கேட்கவில்லை. இதயத்தைப் பற்றிச் சொல்லும்போதும் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்லும்போதும் உறக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும். உறக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு நோயாளியின் அருகில் அமர்ந்து பார்த்த மாணவர், அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டார்.

உங்களில் சிலர் நாளைய மருத்துவர்கள். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். உறங்குபவருக்குத் தன் நோய் தெரியாது. அருகில் இருக்கும் நீங்கள்தான் சாட்சி. அப்பாவின் மூச்சு நின்று நின்று வந்தால் அவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இது பெரியவர்களுக்கு மட்டும் வருவதன்று. டான்சில் வீங்கிய பிள்ளைகளுக்கும் வரும். வகுப்பில் தூங்கி விழும் நண்பனைச் சோம்பேறி என்று சொல்லும் முன், இரவில் அவன் எப்படி மூச்சு விடுகிறான் என்று கேளுங்கள்.