விரல் நுனியில் ஒரு பாகுபாடு

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் நினைவிருக்கிறதா? சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளியை விரலுக்குள் செலுத்தி, நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று கணக்கிடும். இதுதான் சிக்னல் பிராசசிங்.

அந்தக் கணக்கு எல்லா உடலுக்கும் சரியாக வரவில்லை. ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். யாரும் சதி செய்யத் தேவையில்லை; சோதனை மேசையில் கறுத்த விரல்கள் போதுமான அளவு இல்லாமல் போனாலே போதும்.

தோழர்களே, ஃபூரியர் கணக்குக்குச் சாதி இல்லை. யாருடைய உடலை, யாருடைய பேச்சை வைத்து அளப்பது என்று முடிவெடுக்கும் அறைக்கு உண்டு. ஐஐடி முனைவர் படிப்பில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. தேசிய ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. அந்த இடங்கள் நிரம்புகின்றனவா என்று கேட்பதும் போராட்டம்தான். லீனியர் அல்ஜீப்ராவைக் கசடறக் கற்று அந்த நாற்காலியில் போய் உட்கார்வதும் போராட்டம்தான்.