பையைத் துவைப்பவர் யார்?



ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது போன்ற அன்றாடச் சிறு செயல்களின் மேன்மையை எடுத்துரைத்தார்.

ஆயினும், துணிப்பை ஏந்துவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. காலையில் மீன் சுமந்த பையிலேயே மாலையில் கொய்யாவும் தக்காளியும் வாங்கினால், மீன்நீரிலுள்ள கிருமிகள் கனியில் ஒட்டிப் பிள்ளையின் வயிற்றைச் சென்றடையும். ஆதலின் மீனுக்கும் இறைச்சிக்கும் தனிப்பை வையுங்கள். அடையாளமாக அதன் காதில் வண்ணநூல் தைத்துவிடுங்கள்.

கெட்டியான பருத்தித் துணியும், இரட்டைத் தையலிட்ட காதுகளும் உள்ள பையே நெடுநாள் உழைக்கும். துணிபோல் தோன்றும் சில பைகள் நெய்யப்பட்டவை அல்ல. பிளாஸ்டிக் இழைகளை ஒட்டிச் செய்தவை. பையை உட்புறம் வெளியே வரப் புரட்டிச் சோப்பிட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். மீன்பையை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் துவைத்தல் வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை படரும்.

இவ்வேலையும் தாயின் தலையிலேயே விழ வேண்டுமா? சந்தைக்குச் சென்றவரே துவைக்கட்டும். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், மீந்த துண்டுகளைச் சேர்க்கும் பணியைத் தம் சீடரிடமே ஒப்படைத்தார். அவர்களும் பன்னிரண்டு கூடைகளை நிரப்பினர். சிறுபணியைப் பகிர்ந்துகொள்ளும் இல்லத்தில் இறையருள் தங்கும்.